சுற்றறிக்கை நோட்டும் வாட்ஸ்அப் குழுவும்

1980களில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு செய்தி எல்லா ஆசிரியர்களையும் எட்ட ஏறக்குறைய ஒரு பாடவேளை பிடிக்கும். தலைமையாசிரியர் நீளவாக்கு நோட்டு ஒன்றில் நாலு வரி எழுதிக் கையெழுத்திடுவார். அதன் கீழே ஆசிரியர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பியூன் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவார். பாடம் நடத்திக்கொண்டிருப்பவர் சாக்பீஸை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, படித்துப் பார்த்து, தம் பெயருக்கு நேரே சுருக்கொப்பம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். இன்று அதே செய்தி பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் விழுந்த மறுநொடியே அனைவர் கைக்கும் போய்விடுகிறது. "சரிங்க சார்", "நன்றி மேடம்" என்று பதில்கள் வரிசையாக வருகின்றன. சிலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தோடு முடித்துக்கொள்கிறார்கள்.

நேரம் மிச்சமாகியிருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அந்த நோட்டு போன வழியில் இன்னொரு வேலையும் நடந்தது. பள்ளியை ஒரு சுற்று வரும் பியூன், எந்த வகுப்பில் ஆசிரியர் இல்லை, எந்தக் கூரையில் ஓடு நகர்ந்திருக்கிறது, யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே திரும்புவார். "ஏழு பி டீச்சருக்குக் காய்ச்சல் போல இருக்குங்க சார்" என்று அவர் வந்து சொன்னால், அடுத்த பாடவேளைக்கு வேறொருவர் அங்கே போயிருப்பார். தலைமையாசிரியரின் செய்தி வகுப்புகளுக்குப் போன வழியிலேயே வகுப்புகளின் நிலை அவருக்கு வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப் குழுவில் செய்தி போகிறது. ஆள் போவதில்லை.

பள்ளிக்கூடம் என்றால் நம் மனத்தில் எழுவது ஓர் ஆசிரியரும் அவர் முன்னே அமர்ந்த பிள்ளைகளும்தான். உண்மையில் அது பலர் சேர்ந்து செய்யும் வேலை. தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், ஆய்வக உதவியாளர், எழுத்தர், சத்துணவுச் சமையலர், துப்புரவுப் பணியாளர், காவலர் என்று ஒரு பிள்ளையின் ஒரு நாள் பத்துப் பேர் கையில் இருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அந்தக் கைகள் பெருகியிருக்கின்றன. அவர்களுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வுகள் சில குறைந்திருக்கின்றன. அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் நேரமோ சுருங்கிவிட்டது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாம் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்பது விளங்கும்.

ஆள் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஒரு காலத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளி என்றால் பல இடங்களில் ஓராசிரியர் பள்ளிதான். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். வருகைப் பதிவேடு எழுதுவதும், மணி அடிப்பதும், அதிகாரி வந்தால் எதிர்கொள்வதும், ஊர்ப் பெரியவரிடம் பேசிப் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைப்பதும் அவர் ஒருவரே. அவர் விடுப்பு எடுத்தால் பள்ளி பூட்டிக் கிடக்கும். மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைப்பதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே துணை. கூட்டாகப் பணி செய்வது பற்றி அவரிடம் பேசியிருந்தால், யாரோடு என்று கேட்டிருப்பார்.

1986-ன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987-ல் வந்த கரும்பலகைத் திட்டம் இந்த நிலையை மாற்ற முனைந்தது. தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். அந்த இருவரில் ஒருவர் கூடுமானவரை பெண்ணாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதைச் சட்டமாகவே ஆக்கியது. முதல் ஐந்து வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4 என்று அதன் அட்டவணை கணக்கு வகுத்தது. அன்று விருப்பமாக இருந்த இரண்டாவது ஆசிரியர் இன்று பிள்ளையின் உரிமை.

இரண்டாவது ஆள் வந்ததும் வேலை பாதியாகக் குறைந்தது என்று எண்ணினால் தவறு. ஈராசிரியர் பள்ளியில்தான் சேர்ந்து வேலை செய்வதன் தேவை ஒளிவு மறைவின்றித் தெரியும். ஒருவர் பயிற்சிக்குப் போகிறார், அல்லது வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறார் என்றால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அவர் நேற்று எந்தப் பிள்ளைக்கு எதுவரை சொல்லிக்கொடுத்தார் என்று இவருக்குத் தெரிந்திருந்தால் அந்த நாள் பாடமாகும். தெரியாவிட்டால் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைப்பதோடு நாள் முடியும். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஈராசிரியர் பள்ளி, ஒரே கூரையின் கீழ் இயங்கும் இரண்டு ஓராசிரியர் பள்ளிகள்தான்.

இன்றைய கற்பித்தல் முறை இந்தத் தேவையை இன்னும் கூட்டியிருக்கிறது. முன்பு மூன்றாம் வகுப்பு என்றால் மூன்றாம் வகுப்புப் புத்தகம். எல்லாருக்கும் ஒரே பக்கம், பின்தங்கியவர் பின்தங்கியபடியே நான்காம் வகுப்புக்குப் போவார். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், அந்த ஒரே பக்கத்தை அட்டைகளாகப் பிரித்தது. பிள்ளைகள் தத்தம் வேகத்தில் ஏணிப்படியில் ஏறினார்கள். பெருந்தொற்றுக்குப் பின் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்தது. வகுப்பின் சுவர் இப்படி மெலிந்த பிறகு, "என் வகுப்பு, உன் வகுப்பு" என்று பிரித்து நிற்க முடியாது. இரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டு அரும்பு நிலையில் படிக்கும் பிள்ளை இரு ஆசிரியருக்கும் பொதுவான பிள்ளை.

உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறை வேறொரு உலகம். நீள மேசை ஒன்று, சுற்றிலும் மர நாற்காலிகள், சுவரோரம் ஆளுக்கொரு தட்டு உள்ள அலமாரி, மூலையில் மண்பானை. பேருந்து அரிதாக வந்த ஊர்களில் ஆசிரியர்கள் ஊரிலேயோ பக்கத்து ஊரிலேயோ வீடு எடுத்துத் தங்கினார்கள். மாலை மணி அடித்த பிறகும் பள்ளியில் ஆள் நடமாட்டம் இருக்கும். பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குத் தமிழாசிரியர் வசனம் எழுதுவார், ஓவிய ஆசிரியர் திரை வரைவார், தையல் ஆசிரியை உடை தைப்பார், அறிவியல் ஆசிரியர் விளக்கு வேலை பார்ப்பார். யாருக்கும் இதற்கென ஆணை வந்ததில்லை.

அந்தக் கூட்டுழைப்பு மிக நன்றாகத் தெரிந்தது அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில்தான். மதிப்பெண் பதிவேட்டை மேசையில் விரித்து, ஒருவர் விடைத்தாளைப் பார்த்து வாசிக்க, ஒருவர் எழுத, மூன்றாமவர் கூட்டுவார். கூட்டியதை நாலாமவர் சரிபார்ப்பார். வாசிப்பு நடுவில் நிற்கும். "இவன் காலாண்டில் கணக்கில் எழுபதுக்கு மேல் வாங்கினவன் ஆச்சே, இப்ப முப்பதுதானா?" என்று ஒருவர் கேட்பார். "என்கிட்டயும் அப்படித்தான் சார், இங்கிலீஷ்ல பாதிப் பேப்பர் வெறுமையா விட்டிருக்கான்" என்பார் இன்னொருவர். "காலையில சூளைக்குக் கல் எடுத்து வைக்கப் போறான் சார், அப்பாவுக்குக் கால் முறிஞ்சிருக்கு" என்று அந்தத் தெருவில் குடியிருக்கும் டிரில் மாஸ்டர் சொல்வார். கணக்கு ஆசிரியருக்கு எண் தெரியும், ஆங்கில ஆசிரியருக்கு வெற்றுத்தாள் தெரியும், டிரில் மாஸ்டருக்குக் காரணம் தெரியும். மூன்றும் ஒரு மேசையில் சந்தித்தபோதுதான் அந்தப் பையன் முழுதாகத் தெரிந்தான்.

இன்று ஒவ்வொரு பாட ஆசிரியரும் தம் பாட மதிப்பெண்ணைத் தாமே கணினியில் பதிகிறார். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட எமிஸ் என்னும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. கூட்டல் பிழை இல்லை, பதிவேடு கிழிவதில்லை, வேறு பள்ளிக்கு மாறிப் போனாலும் விவரம் கூடவே போகிறது. நடுவில் நின்ற பிள்ளைகளைக் கண்டுபிடித்து மறுபடியும் சேர்ப்பதற்கு இந்த எண் பெரிதும் உதவுகிறது. முன்பு ஒரு பிள்ளை ஊரை விட்டுப் போனால் பதிவேட்டிலிருந்து பெயர் அடிக்கப்படும். அதோடு பள்ளிக்கும் அந்தப் பிள்ளைக்கும் தொடர்பு விட்டுப்போகும். இன்று அந்தத் தொடர்பு விடாமல் இருப்பது சிறிய பேறு அல்ல. ஆனால் எழுபது முப்பதாக இறங்கியதைத் திரை காட்டும், சூளையைக் காட்டாது. அதைத் தெரிந்தவர் பக்கத்து அறையில் இருக்கிறார். அவரிடம் கேட்கும் சந்தர்ப்பம்தான் குறைந்துவிட்டது.

அன்றைய ஆசிரியர் அறையைப் பொற்காலமாக எழுதிவிடுவதும் நேர்மையாகாது. அந்த மேசையைச் சுற்றி எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. சாதி பார்த்துச் சாப்பாட்டு வட்டம் பிரிந்த அறைகள் இருந்தன. பெண் ஆசிரியர்கள் ஓரிருவராக இருந்த பள்ளிகளில் அவர்கள் கூட்டத்தில் வாய் திறப்பது அரிது. பியூன் நின்றுகொண்டே இருந்தார், சமையலர் வாசல்படி தாண்டவில்லை. தலைமையாசிரியர் சொன்னதுதான் சட்டம். ஆசிரியர் கூட்டம் என்பது அவர் பேசுவதைக் கேட்கும் கூட்டமாகவே பல இடங்களில் நடந்தது.

மாலை ஏழு மணி வரை பள்ளியில் இருக்க முடிந்ததற்கும் ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் வீட்டில் இருந்த பெண்கள். ஆண் ஆசிரியர் பள்ளியில் நாடக ஒத்திகை பார்த்தபோது, அவர் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாடம் சொல்லி, வயதானவர்களைக் கவனித்தவர் அவர் மனைவி. இன்று தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். மாலை மணி அடித்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடும் ஆசிரியையைப் பார்த்து, அந்தக் காலத்து ஈடுபாடு இல்லை என்று சொல்வது எளிது. அவருக்கு வீட்டில் இன்னொரு வேலை நாள் காத்திருக்கிறது. அவருடைய ஈடுபாட்டுக்கு இடம் வேண்டுமானால் அது பள்ளி நேரத்துக்குள்ளேயே அமைய வேண்டும்.

இன்னும் இருண்ட பக்கமும் உண்டு. ஆசிரியர்களுக்கிடையே இருந்த நெருக்கம் சில சமயம் பிள்ளையைக் காக்காமல் சக ஆசிரியரைக் காத்தது. பிரம்பு அளவு மீறிய போதும், அதைவிடக் கொடிய தவறுகள் நடந்த போதும், "நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று மூடி வைக்கப்பட்டவை எத்தனையோ. அதையும் ஒற்றுமை என்றுதான் சொன்னார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. 2012-ன் போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. குழந்தைகள் உதவி எண் 1098-ம் கல்வி உதவி எண் 14417-ம் இன்று பிள்ளைகள் அறிந்தவை. சக பணியாளருக்கான விசுவாசம் பிள்ளையின் பாதுகாப்புக்குக் கீழேதான் என்று சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது. பள்ளியின் கூட்டுணர்வு இதனால் குன்றவில்லை. அது யாருக்காக என்பது தெளிவாகியிருக்கிறது.

பாதுகாப்பைப் பேசும்போது 2004 ஜூலை 16-ஐத் தாண்டிப் போக முடியாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கட்டடம், சமையலறை, வாசல் எல்லாம் ஆய்வுக்குள் வந்தன. கூரையை மாற்றியது அரசாணை. ஆனால் நெருப்புப் பிடித்தால் எந்த வாசலை யார் திறப்பது, சின்னப் பிள்ளைகளை யார் முதலில் வெளியே கொண்டுவருவது, எண்ணிக்கையை யார் சரிபார்ப்பது என்பதைச் சமையலரிலிருந்து தலைமையாசிரியர் வரை எல்லாரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். எந்த ஆணையும் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது.

உணவின் கதை இந்த மாற்றத்தை முழுதாகச் சொல்கிறது. காமராசர் ஆட்சியில் 1950களின் நடுவில் மதிய உணவு தொடங்கியபோது அது மக்கள் நன்கொடையும் அரசின் பங்கும் சேர்ந்து நடந்த ஏற்பாடு. அரிசி திரட்டுவதும், விறகுக்குச் சொல்வதும், கணக்கு எழுதுவதும் பெரும்பாலும் ஆசிரியர்கள். ஊரும் ஆசிரியரும் கலந்து நின்றால் அடுப்பு எரியும். மனக்கசப்பு வந்தால் அணையும். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அதை அரசின் பொறுப்பாக்கி, ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனிப் பணியாளர்களைத் தந்தது. ஆதரவற்ற பெண்கள் பலருக்கு அது வாழ்வு கொடுத்தது. 1989-ல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது இன்று வாரம் ஐந்து முட்டை. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தில் மாநிலத்தின் 31 ஆயிரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளை எட்டியது. அதைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தாய்மார்கள்.

ஆக, அன்று ஆசிரியர் தாமே அரிசி அளந்தார். இன்று விடிவதற்குள் வந்து உப்புமாவோ பொங்கலோ கிண்டும் அம்மாவும், பகலில் சாம்பார் வைக்கும் சமையலரும், நடுவில் பாடம் நடத்தும் ஆசிரியரும் மூன்று வெவ்வேறு துறைகளின் கீழ் ஒரே வளாகத்தில் வேலை செய்கிறார்கள். பிள்ளைகளின் வயிறு முன்பைவிட நிறைகிறது. ஆசிரியர் கற்பித்தலுக்குத் திரும்பியிருக்கிறார். இதற்கு மாறாக ஒன்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடும் பிள்ளை யார் என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியும். வார விடுமுறையில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதிவேடு வேறில்லை. அதே பிள்ளை முதல் பாடவேளையில் ஏன் கவனமில்லாமல் இருக்கிறது என்று வகுப்பாசிரியர் யோசித்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் நடுவில் இருபது அடி தூரம்தான். அதைக் கடக்கும் பழக்கம் பள்ளியில் இருக்கிறதா என்பதே கேள்வி.

பள்ளிக்கு வெளியே இருந்தும் கைகள் சேர்ந்திருக்கின்றன. முன்பு பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றால் ஊரின் வசதியானவர் ஒருவர் தலைவர். கட்டடத்துக்கும் விழாவுக்கும் பணம் தேடுவது அதன் வேலை. கல்வி உரிமைச் சட்டம் கொண்டுவந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது ஒவ்வொன்றிலும் 20 பேர் இருந்தார்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "பொண்ணுங்க கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லைங்க" என்று சொல்லவும், அது தீர்மானமாக எழுதப்படவும் இப்போது வழி இருக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காகச் சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் வருகிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவோரத்திலும் திண்ணையிலும் பிள்ளைகளோடு அமர்ந்தார்கள். ஓராசிரியர் தனியாக நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய சுற்றம்!

இந்தச் சுற்றம் ஒரு குழுவாகக் கூடி வராமல் தடுப்பவை இரண்டு. ஒன்று, ஊதியத்தில் உள்ள மடுவும் மலையும். 1981-ல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானபோது பெரியதோர் ஏற்றத்தாழ்வு ஒழிந்தது. பின்னர் வேறொன்று முளைத்தது. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டார்கள். பின்னர் அது படிப்படியாக உயர்ந்து 12,500 ரூபாயைத் தொட்டது. முழுநேர ஆசிரியரின் ஊதியம் இதைப் போல் பல மடங்கு. விளையாட்டு விழாவில் வெயிலில் நின்று கோடு போடுகிறவரும் நிழலில் நின்று பரிசு வழங்குகிறவரும் ஒரே குழு என்று சொன்னால், கோடு போடுகிறவர் உள்ளுக்குள் என்ன நினைப்பார்? சத்துணவுப் பணியாளருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் இதே கேள்வி உண்டு. மரியாதை ஊதியத்துக்கு மாற்றாகாது. ஆனாலும் ஊதியம் உயரும்வரை மரியாதையையும் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தடை நேரம். அன்றைய தலைமையாசிரியர் எழுதியவை அதிகம்தான்: வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், இருப்புப் பதிவேடு. அவற்றைப் பெரும்பாலும் எழுத்தர் பார்த்தார், மாதக் கடைசியில் அனுப்பினார்கள். இன்று காலை வருகைப் பதிவு செயலியில், உணவு உண்டோர் எண்ணிக்கை செயலியில், இலவசப் பொருள்கள் வந்த விவரம் செயலியில், பயிற்சிக்கான பதிவு செயலியில். சிக்னல் கிடைக்காத பள்ளியில் மாடிப்படியில் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கும் ஆசிரியையைப் பார்க்காத ஊர் குறைவு. தொடக்கப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். விவரம் மேலே போகும் வேகம் கூடியிருக்கிறது, பக்கத்து வகுப்புக்குப் போவது குறைந்திருக்கிறது. ஒரு பள்ளியைப் பற்றி மாவட்டத் தலைநகரில் உள்ள கணினிக்குத் தெரிந்தவை, அதே பள்ளியின் இரண்டு ஆசிரியர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தவற்றைவிட அதிகமாகிவிட்டன.

சேர்ந்து பேசுவதற்கான ஏற்பாடுகள் நம் கல்வி முறைக்குப் புதியவை அல்ல. 1964-66-ன் கோத்தாரிக் குழு, ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளையும் ஒரு தொகுப்பாக இணைக்கச் சொன்னது. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் வட்டார வள மையமும் குறுவள மையமும் வந்தன. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சனிக்கிழமை ஒன்றுகூடினார்கள். தொடக்கத்தில் அங்கே ஒருவர் செய்த கற்றல் கருவியை இன்னொருவர் பார்த்து வரைந்துகொண்டு போனார். பின்னத்தைத் தோசையைக் கிழித்துக் காட்டியே விளங்க வைத்தவர் அதைச் செய்து காட்டினார். காலப்போக்கில் பல இடங்களில் அந்தக் கூட்டங்கள் மேலிருந்து வந்த கையேட்டை வாசிக்கும் கூட்டங்களாகின. ஆசிரியர் ஆசிரியரிடம் கற்ற இடம், ஆசிரியர் திரையைப் பார்க்கும் இடமானது. கருத்தாளர் பேசுவதைக் கேட்டுவிட்டுத் திரும்புவதும், தன்னைப் போலவே திணறும் இன்னொருவரோடு ஒரு பாடத்தை உருட்டிப் பார்ப்பதும் ஒன்றல்ல.

இது வெறும் மனநிறைவுக்கான பேச்சும் அல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளை 1990களில் ஆராய்ந்த ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 2002-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில்தான் வாசிப்பும் கணக்கும் முன்னேறும் வாய்ப்பு மிகுந்திருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. நம்பிக்கை என்று அவர்கள் சொன்னதில் பெரிய தத்துவம் ஏதும் இல்லை. ஒருவரை ஒருவர் மதிப்பது, சொன்னதைச் செய்வது, தம் வேலையைத் தெரிந்து செய்வது, பிள்ளையின் நலனை முன்னே வைப்பது. நம் ஊர்ப் பள்ளிகளில் நல்ல தலைமையாசிரியர் வாய்த்த இடங்களில் இதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்புக்கு யார் போவது என்று சீட்டு எழுதி அனுப்பாமலேயே ஒருவர் எழுந்து போகும் பள்ளி அது. அங்கே பத்தாம் வகுப்பின் தேர்ச்சியைப் பத்தாம் வகுப்பு ஆசிரியர் மட்டும் சுமப்பதில்லை. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்ட வைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு என்று எல்லாரும் அறிவார்கள்.

பழைய ஆசிரியர் அறையை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. கொண்டுவரவும் வேண்டாம். அது பலரை வாசலிலேயே நிறுத்தியது. அதில் இருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஒரு பிள்ளையைப் பற்றி ஆளாளுக்குத் தெரிந்ததை ஓரிடத்தில் போட்டுப் பார்க்கும் பழக்கம். அதற்கு வாரத்தில் ஒரு பாடவேளை போதும். அது பள்ளி நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், கால அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் படிவமும் நிரப்பக் கூடாது, எந்தச் சுற்றறிக்கையும் வாசிக்கக் கூடாது. சமையலருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும், பகுதிநேர ஆசிரியருக்கும் நாற்காலி போடப்பட வேண்டும். மூன்று பிள்ளைகளின் பெயரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தாம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் வேறு மூன்று பெயர்கள். 60 பேர் படிக்கும் ஈராசிரியர் பள்ளியில் இருபது வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை பேசப்பட்டிருப்பார்கள்.

முன்பு ஆசிரியர்கள் ஒரே ஊரில் இருந்தார்கள், ஒரே அறையில் காத்திருந்தார்கள், ஒரே பதிவேட்டைக் கூட்டினார்கள். பேச்சு தானாக வந்தது. இன்று ஆட்கள் அதிகம், உரிமைகள் அதிகம், கருவிகள் அதிகம், தானாகச் சேரும் நேரம் மட்டும் இல்லை. எனவே அதை வேலையின் ஒரு பகுதியாகவே ஒதுக்கித் தர வேண்டும். பாடப் புத்தகத்துக்கும் கட்டடத்துக்கும் முட்டைக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கத் தெரிந்த ஓர் அரசால், வாரம் நாற்பது நிமிடத்தையும் அப்படியே கணக்குப் போட்டுக் கொடுக்க முடியும். அந்த நாற்பது நிமிடம் கிடைத்தால், சூளைக்குப் போய்விட்டு வரும் பையனின் மதிப்பெண் ஏன் இறங்கியது என்பது தேர்வு முடிந்த பிறகு அல்ல, தேர்வுக்கு முன்பே தெரிந்திருக்கும்.